ஹெட் கோச் போனாலும் லைன் கோச் போவதில்லை: அமெரிக்கக் கால்பந்தின் ஒரு விசித்திரம்

ஜனவரி பிறந்தால் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் வேலை நீக்கங்கள் தொடங்கிவிடும். வழக்கமான சீசன் முடிந்த கையோடு சில ஹெட் கோச்சுகளுக்குச் சீட்டு கிழியும். ஹெட் கோச் போனால் அவர் கூட்டி வந்த உதவிப் பயிற்சியாளர்களும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். புதிதாக வருபவர் தன் ஆட்களோடு வருவார். எழுதப்படாத விதி இது. இந்தச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஒரு விதிவிலக்கைக் கவனித்திருக்கலாம். எல்லோரும் போன பிறகும் ஆஃபென்சிவ் லைன் கோச் மட்டும் சில அணிகளில் அதே அறையில் இருப்பார்.

பிலடெல்ஃபியா ஈகிள்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் சிப் கெல்லி ஹெட் கோச்சாக வந்தபோது ஜெஃப் ஸ்டவுட்லாந்தை லைன் கோச்சாக அமர்த்தினார். 2015 சீசன் முடியும் முன்பே கெல்லி நீக்கப்பட்டார். அடுத்து வந்த டக் பீடர்சன் ஸ்டவுட்லாந்தை வைத்துக்கொண்டார். 2021 ஜனவரியில் பீடர்சனும் போனார், நிக் சிரியானி வந்தார். அப்போதும் ஸ்டவுட்லாந்து அங்கேயே இருந்தார். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸில் நடந்தது இன்னும் வினோதம். 2014 தொடக்கத்தில் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போன டான்டே ஸ்கார்னெக்கியாவை, 2016 பிப்ரவரியில், அவருக்கு 68 வயது நிறைந்த அதே மாதத்தில், திரும்பக் கூப்பிட்டார்கள்.

டிவியில் அநேகமாக முகமே காட்டப்படாத ஒருவருக்கு இவ்வளவு கிராக்கி ஏன்? இவ்வளவு கிராக்கி இருந்தும் இவர்கள் ஹெட் கோச் ஆவது ஏன் இவ்வளவு அபூர்வம்? இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு ஆட்டத்தின் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

## பந்தைத் தொடாத ஐவர்

இங்கே பேசுவது காலால் உதைக்கும் கால்பந்து அல்ல. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு, அதாவது சுமார் ஒன்பது மீட்டர் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள்.

அந்த 11 பேரில் குறைந்தது ஏழு பேர் பந்து இருக்கும் கோட்டின் ஓரமாக நிற்க வேண்டும் என்பது விதி. அவர்களில் நடுவில் நிற்கும் ஐந்து பேர்தான் ஆஃபென்சிவ் லைன். மையத்தில் சென்டர். அவர்தான் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர். அந்தக் கணத்துக்கு ஸ்னாப் என்று பெயர். அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். வழக்கமான ஆட்டத்தில் இந்த ஐவருக்கும் பாஸ் வாங்க அனுமதி கிடையாது. வேலை இரண்டே இரண்டு. ஓட்ட ஆட்டம் என்றால் பந்தோடு ஓடுபவருக்கு வழி திறக்க வேண்டும். பாஸ் ஆட்டம் என்றால், பின்னால் நின்று பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரணி நெருங்காமல் தடுக்க வேண்டும். தடுக்கத் தவறி, பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டால் அது ‘சாக்’. அணி பின்னோக்கிப் போகும். சில சமயம் குவார்ட்டர்பேக் மருத்துவமனைக்கே போவார்.

இவர்களுக்கென்று தனிக் கணக்கு எதுவும் ஸ்கோர் அட்டையில் வராது. யார்டு கிடையாது, புள்ளி தரும் டச்டவுனும் கிடையாது. கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போல, தவறவிட்டால்தான் வர்ணனையாளர் வாயில் பெயர் வரும்.

## இரண்டரை நொடிக்குள்

ஒரு பாஸ் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்குக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டரை, மூன்று நொடிதான். அந்த நேரத்துக்குள் ஒரு டேக்கிள் செய்ய வேண்டியதைப் பிரித்துப் பார்த்தால் கோச்சின் வேலை என்னவென்று புரியும்.

1. நிற்கும் நிலை. ஒரு கையைத் தரையில் ஊன்றியோ, ஊன்றாமல் குனிந்தோ நிற்பார். கையை ஊன்றி நின்றால் விரல்களில் எவ்வளவு எடை போடுகிறார் என்பதை எதிரே நிற்பவர் பார்த்துக்கொண்டே இருப்பார். எடை அதிகமானால் விரல்கணுக்கள் வெளுக்கும். முன்னே பாயப் போகிறார், ஆகவே ஓட்ட ஆட்டம் என்று பொருள். விரல் லேசாகப் படிந்திருந்தால் பின்வாங்கப் போகிறார், பாஸ். 150 கிலோ ஆசாமியின் ரகசியம் விரல்கணுவில் வெளிப்பட்டுவிடும். எந்த ஆட்டமானாலும் ஒரே மாதிரி நிற்கப் பழக்குவது கோச்சின் முதல் பாடம்.

2. முதல் அடி. ஸ்னாப் ஆனதும் வெளிப்புறக் கால் பின்னோக்கிச் சரிய வேண்டும். உட்கால் தரையை உரசியபடியே தொடர வேண்டும். இரண்டு பாதங்களும் நெருங்கிவிட்டால் சமநிலை போச்சு. பயந்துபோய் இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் உட்பக்கம் மொத்தமாகத் திறந்துவிடும். எதிரே இருப்பவர் உங்களைவிட 40 கிலோ குறைவு, ஆனால் உங்களைவிட மிக வேகம்.

3. கை. 1978இல் வந்த விதிமாற்றத்துக்குப் பிறகுதான் பாஸ் தடுப்பில் கைகளை முழுதாக நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தள்ள அனுமதி கிடைத்தது. அதற்கு முன் கைகளை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு தோளால் முட்ட வேண்டியிருந்தது. இப்போது கை எதிராளியின் மார்புக்குள் போக வேண்டும். வெளியே தோளைப் பிடித்து இழுத்தால் ‘ஹோல்டிங்’, 10 யார்டு அபராதம். சீக்கிரம் கை வைத்தால் தட்டிவிட்டுப் போய்விடுவார். தாமதித்தால் அவர் கை முதலில் உங்கள் மார்பில் இருக்கும்.

4. ஊன்றுதல். எதிராளி வேகத்தை விட்டுவிட்டு நேரே முட்டித் தள்ளினால், பின்னால் சறுக்கும்போதே இடுப்பைத் தாழ்த்திக் காலை ஊன்றி நிறுத்த வேண்டும்.

5. கைமாற்றம். எதிரணியின் இருவர் திடீரென்று குறுக்கே இடம் மாறிப் பாய்வார்கள். டேக்கிள் தன் ஆளைக் கார்டிடம் விட்டுவிட்டு, கார்டின் ஆளைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பேச நேரமில்லை. இருவர் கண்ணும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இதில் ஐந்தாவதுதான் லைன் கோச்சின் சோற்றுக்கு வழி. முதல் நான்கை நல்ல உடம்பும் பொறுமையும் உள்ள ஒருவர் தனியாகக்கூட ஓரளவு கற்றுவிடலாம். ஐந்து பேரும் ஒரே கண்ணால் பார்க்கப் பழகுவது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஒரே அறையில் ஒரே வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்து வருவது.

## புதிய ஹெட் கோச் இவரை ஏன் தொடுவதில்லை

சரி, இப்போது முதல் கேள்விக்கு வரலாம். காரணங்கள் நான்கு என்று எனக்குத் தோன்றுகிறது. எடை எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல.

1. ஹெட் கோச் மாறினால் ஆட்டத் திட்டம் மாறும், அதன் சங்கேதச் சொற்கள் மாறும். ஆனால் கால் எடுத்து வைக்கும் முறை மாறாது. லைன் கோச்சின் சரக்கில் பெரும்பகுதி எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும். கெல்லியின் ஆட்டம் அதிவேகம், பீடர்சனுடையது வேறு பாணி, சிரியானியுடையது இன்னொன்று. ஸ்டவுட்லாந்தின் மாணவர்கள் மூன்றிலும் ஆடினார்கள்.

2. ஒரு லைன்மேன் தயாராக இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும். நடுவில் கோச்சை மாற்றினால், புதியவர் கையை வேறு இடத்தில் வைக்கச் சொல்வார், காலை வேறு கோணத்தில் வைக்கச் சொல்வார். பாதி கற்றவர் மறுபடி முதல் வகுப்பில் உட்கார வேண்டும்.

3. இவர் யாருக்கும் போட்டியில்லை. குவார்ட்டர்பேக் கோச்சும் ஆட்டத் திட்டம் வகுப்பவரும் அடுத்த ஹெட் கோச் பதவிக்கு இயல்பான வேட்பாளர்கள். லைன் கோச் அப்படியில்லை. அவரை வைத்துக்கொள்வதால் புதிய ஹெட் கோச்சின் நாற்காலி ஆடாது. கொஞ்சம் சில்லறைத்தனமான காரணம்தான். ஆனால் அலுவலகம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

4. ஆள் கிடைப்பதில்லை. என் கணிப்பில் இதுதான் முதன்மையானது. கல்லூரி ஆட்டங்கள், வீரர்கள் அகலமாகப் பரவி நிற்கும் விரிந்த அமைப்புக்கு மாறிய பிறகு, பல லைன்மேன்கள் கையைத் தரையில் ஊன்றியே ஆடாமல் என்எஃப்எல்லுக்கு வருகிறார்கள். போதாக்குறைக்கு, 2011இல் வீரர் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம், சீசன் நடக்கும்போது முழுக் கவசத்தோடு செய்யும் பயிற்சியை மொத்தம் 14 நாளாகக் குறுக்கியது. வீரர்களின் உடலுக்கு அது நியாயமான முடிவு. ஆனால் தள்ளுமுள்ளைத் தள்ளித்தான் கற்க முடியும். வருகிற மாணவர் பாதி வெந்தவர், வகுப்பு நேரமோ பாதி. அந்த நேரத்துக்குள் வேலையை முடிக்கத் தெரிந்தவரை யாரும் எளிதில் விடமாட்டார்கள்.

## ஸ்கார்னெக்கியாவின் 36 சீசன்

ஒரு லைன் கோச்சின் தொழில்வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்கார்னெக்கியாவைவிட நல்ல உதாரணம் இல்லை. 1948இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். 1970களில் கல்லூரி அணிகளில் ஊர் ஊராகப் பயிற்சியாளர் வேலை. டெக்சஸின் எஸ்எம்யூ பல்கலைக்கழகத்தில் ரான் மேயரிடம் வேலை செய்தார். 1982இல் மேயர் பேட்ரியாட்ஸின் ஹெட் கோச்சானபோது கூடவே போனார். 1989, 1990 இரண்டு சீசன் மட்டும், மறுபடி மேயரோடு, இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸில். பிறகு 1991இல் பேட்ரியாட்ஸுக்கே திரும்பினார்.

அதன்பின் அந்த அணியில் டிக் மெக்ஃபெர்சன், பில் பார்செல்ஸ், பீட் கேரல், பில் பெலிச்சிக் என்று ஹெட் கோச்சுகள் வந்தார்கள், போனார்கள். இவர் இருந்தார். ஆனால் தொடக்கத்திலிருந்தே லைன் கோச்சாக இருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பாஸ் வாங்கவும் செய்யும் டைட் எண்டுகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார், உதை ஆட்டங்களுக்கான சிறப்பு அணிகளைப் பார்த்திருக்கிறார், பந்து எதிரணியிடம் இருக்கும்போது ஆடும் தடுப்பணியிலும் உதவியிருக்கிறார். பேட்ரியாட்ஸின் லைன் முழுதாக இவர் கைக்கு வந்தது 1999இல், 51 வயதில். அடுத்த ஆண்டு பெலிச்சிக் வந்து பழைய பயிற்சியாளர்கள் பலரை மாற்றினார். இவரை மாற்றவில்லை.

எதிரணியின் வேலையையும் உள்ளிருந்து பார்த்தவர் என்பது இவருக்குப் பெரிய பலம் என்றே நினைக்கிறேன். தடுப்பணி எப்படி ஏமாற்றும் என்று அந்தப் பக்கத்திலிருந்து தெரிந்தவர் சொல்லிக்கொடுப்பது வேறு.

லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் மொத்தம் பத்து முறை பேட்ரியாட்ஸ் பயிற்சியாளராக இருந்திருக்கிறார், அதில் ஐந்து வெற்றி. 2023இல் அணி தன் புகழரங்கில் அவரைச் சேர்த்துக்கொண்டது.

தோல்விகளில் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டியது. 2007 சீசனில் பேட்ரியாட்ஸ் 16 ஆட்டத்திலும் வென்றது. அணியின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி அந்த 16 ஆட்டத்தில் மொத்தம் 21 முறைதான் சாக் ஆனார். இடது டேக்கிள் மேட் லைட், இடது கார்டு லோகன் மேங்கின்ஸ், சென்டர் டேன் காப்பன் மூவரும் நட்சத்திர ஆட்டமான ப்ரோ பவுலுக்குத் தேர்வானார்கள். 2008 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அதே லைனைப் பிளந்து பிரேடியை ஐந்து முறை வீழ்த்தியது. 17-14. தோல்வியே காணாத சீசன் அங்கே முடிந்தது. ஒரு வருட உழைப்பு ஒரே இரவில் அழியும் தொழில் இது.

## அவர் இல்லாத இரண்டு ஆண்டு

இனி அந்த 2016 அழைப்புக்கு வருவோம். வழக்கமாகச் சொல்லப்படும் கதை இப்படி: ஸ்கார்னெக்கியா போனார், லைன் சரிந்தது, வந்தார், நிமிர்ந்தது. கதை அழகாக இருக்கிறது. எண்கள் அவ்வளவு ஒத்துழைப்பதில்லை.

பிரேடி சாக் ஆன எண்ணிக்கையைப் பாருங்கள். 2013இல், ஸ்கார்னெக்கியா இருந்த கடைசி ஆண்டில், 40. அவர் போன மறு ஆண்டு, 2014இல், 21. அதோடு நிற்கவில்லை, அந்த ஆண்டு பேட்ரியாட்ஸ் சூப்பர் பவுலையே வென்றது, சியாட்டிலை 28-24 என்று. அடுத்த ஆண்டு 2015இல் 38. அவர் திரும்பிய 2016இல் 15, ஆனால் பிரேடி அந்த சீசனில் ஆடியது 12 ஆட்டம்தான். 2017இல் அவர் இருக்கும்போதே 35.

சாக் எண்ணிக்கை லைனுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதுதான் இதிலிருந்து தெரிவது. பாஸ் வாங்குபவர்கள் விலகி ஓட முடியாமல் தவித்தால் குவார்ட்டர்பேக் பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்பார், சாக் ஏறும். யார் காயம்பட்டார்கள் என்பதும் சேரும். 2015இல் இடது டேக்கிள் நேட் சோல்டர் அக்டோபரிலேயே காயத்தால் வெளியேறினார். அதன்பின் சீசன் முழுக்க ஆளை மாற்றி மாற்றி ஒட்டுப்போட வேண்டியிருந்தது.

அப்படியென்றால் எதை வைத்து அவரைத் திரும்ப அழைத்தார்கள்? 2016 ஜனவரி 24, டென்வர். சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம். அரங்கின் இரைச்சலில் குவார்ட்டர்பேக் கத்துவது கேட்காது. அதனால் வெளியூர் அணிகள் மௌன எண்ணிக்கை வைத்துக்கொள்ளும். சென்டர் தலையைக் குனிந்து நிமிர்த்துவார், அதை வைத்து ஸ்னாப் எப்போது என்று மற்றவர்கள் அறிவார்கள். அன்று பேட்ரியாட்ஸ் சென்டரின் தலையசைவை டென்வர் வீரர்களும் கணக்குப் பண்ணிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான டிமார்கஸ் வேர் இதை ஆட்டத்துக்குப் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். ஸ்னாப் வரும் கணம் தெரிந்துவிட்டால் பாய்பவருக்கு அரை அடி முன்கூட்டியே கிடைத்த மாதிரி. வான் மில்லர் மட்டும் இரண்டரை சாக் எடுத்தார். பிரேடி ஆட்டம் முழுக்க அடிவாங்கினார். 20-18 என்று பேட்ரியாட்ஸ் தோற்றது. மறுநாள் லைன் கோச் நீக்கப்பட்டார். சில வாரத்தில் ஸ்கார்னெக்கியா வந்தார்.

இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்ற ஆட்டத்துக்கு ஒருவரைப் பலி கொடுப்பது கடுமைதான். காயம்பட்ட லைனை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருக்க முடியும் என்றும் கேட்கலாம். ஆனால் தலையசைவு விஷயம் உடல்பலத்தைச் சேர்ந்ததல்ல. வாரநாள் பயிற்சியில் யாராவது கவனித்து, இடைவெளியை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லியிருக்க வேண்டியது.

ஸ்கார்னெக்கியாவின் மதிப்பைச் சாக் கணக்கைவிட நன்றாகக் காட்டுபவர் மார்கஸ் கேனன். அன்று டென்வரில் தடுமாறிய டேக்கிள்களில் ஒருவர். 2011இல், அணிகள் சுற்றுச் சுற்றாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ஐந்தாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். டிராஃப்ட் நேரத்தில் லிம்போமா புற்றுநோய் கண்டறியப்பட்டு, சிகிச்சை முடித்து வந்து ஆடியவர். 2015 முடிவில் ரசிகர்கள் இவரை வெளியே அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2016இல் வலது டேக்கிள் செபாஸ்டியன் வோல்மர் காயத்தால் ஆடவே முடியாமல் போக, இடம் கேனனுக்கு வந்தது. அந்த ஆண்டு முடிவில் அவர் லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவில், இரண்டாம் அணியில் இருந்தார். அதே ஆள், கோச் வேறு. 2017 பிப்ரவரியில் அட்லான்டாவிடம் 28-3 என்று பின்தங்கியிருந்து 34-28 என்று வென்ற சூப்பர் பவுலில் அவரும் ஆடினார்.

## மலிவாக வாங்கி, விலையேற்றி, இழப்பது

லைன் கோச் நல்லவராக இருந்தால் அணியின் பணக் கணக்கே மாறும். என்எஃப்எல்லில் ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. டிராஃப்டில் பின்சுற்றில் கிடைக்கும் மலிவான ஆளை நல்ல டேக்கிளாக மாற்ற முடிந்தால், மிச்சமாகும் பணத்தில் வேறு இடத்தில் நட்சத்திரத்தை வாங்கலாம்.

ஸ்கார்னெக்கியா கையில் வந்த ஸ்டீபன் நீல் கல்லூரியில் கால்பந்தே ஆடாதவர். மல்யுத்த வீரர். 1999இல் உலக சாம்பியன், அதே ஆண்டு கல்லூரி இறுதிப் போட்டியில் பிராக் லெஸ்னரை வென்றவர். 2001இல் டிராஃப்டில் யாரும் எடுக்காமல் பேட்ரியாட்ஸுக்கு வந்தார். 2005 பிப்ரவரி சூப்பர் பவுலில் வலது கார்டாகக் களமிறங்கினார்.

ஸ்டவுட்லாந்தின் ஜோர்டன் மைலாட்டா கதை இன்னும் விசேஷம். சிட்னியில் ரக்பி லீக் ஆடிய இளைஞர், ஆறடி எட்டு அங்குலம். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 2018 டிராஃப்டில் ஏழாவது, அதாவது கடைசிச் சுற்றில், 233ஆவது ஆளாக ஈகிள்ஸ் எடுத்தது. 2018இலும் 2019இலும் சீசன் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. ஹெல்மெட்டைச் சரியாக மாட்டுவதிலிருந்து தொடங்க வேண்டிய ஒருவருக்கு இரண்டு வருடம் வகுப்பு மட்டும். 2020இல் ஆடத் தொடங்கினார். 2021இல் நான்கு ஆண்டுக்கு 64 மில்லியன் டாலர் ஒப்பந்தம். டிவி ஒளிபரப்பில் வீரர்கள் தங்கள் கல்லூரிப் பெயரைச் சொல்லி அறிமுகமாகும் பகுதியில் இவர் சொன்னது “ஜெஃப் ஸ்டவுட்லாந்து பல்கலைக்கழகம்”. வேறு எந்தக் கல்லூரியைச் சொல்ல முடியும்!

மெக்காய் பெக்டன் வேறு வகை. 2020இல் ஜெட்ஸ் முதல் சுற்றில் எடுத்த பிரம்மாண்ட டேக்கிள். காயங்களால் மங்கிப்போனவர். 2024இல் ஈகிள்ஸ் ஒரு வருட ஒப்பந்தத்தில் கூட்டி வந்து, பழக்கமில்லாத வலது கார்டு இடத்தில் நிறுத்தியது. அந்த சீசனில் அந்த லைனுக்குப் பின்னால் ஓடிய சாக்வான் பார்க்லி 2,005 யார்டு எடுத்தார். ஈகிள்ஸ் 2025 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியை 40-22 என்று வென்று சூப்பர் பவுலைத் தூக்கியது. அடுத்த மாதமே பெக்டன் சார்ஜர்ஸுக்கு இரண்டு ஆண்டுக்கு 20 மில்லியன் டாலருக்குப் போய்விட்டார்.

பின்விளைவு அதுதான். கோச் ஆளை உருவாக்குவார், விலை ஏறும், வேறு அணி தூக்கிப்போகும். பேட்ரியாட்ஸின் சோல்டர் 2018இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு நான்கு ஆண்டு 62 மில்லியனுக்குப் போனார். அந்த இடத்துக்காக முதல் சுற்றில் எடுத்த ஐசையா வின் சீசன் தொடங்கும் முன்பே காயம்பட்டார். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து மலிவாக வாங்கியிருந்த, 170 கிலோவுக்கு மேல் எடையுள்ள ட்ரென்ட் பிரவுனை அங்கே நிறுத்தினார் ஸ்கார்னெக்கியா. அந்த சீசனின் நாக் அவுட் சுற்றில் மூன்று ஆட்டத்திலும் சேர்த்து பிரேடி ஒரே ஒரு முறைதான் சாக் ஆனார். இறுதியில் 13-3 என்று ராம்ஸை வென்றார்கள். எதிரே ராம்ஸின் தடுப்பணி நட்சத்திரம் ஆரன் டொனால்டு இருந்தும்! சில வாரத்தில் பிரவுன் ரெய்டர்ஸுக்கு நான்கு ஆண்டு 66 மில்லியனுக்குப் போனார். அடுத்தடுத்து இரண்டு இடது டேக்கிள்கள், இருவரும் அந்தந்த நேரத்தில் லைன்மேன்களிலேயே அதிகம் சம்பாதிப்பவர்களாகக் கிளம்பினார்கள். கோச் மறுபடி கால் அடியிலிருந்து தொடங்கினார்.

## இவ்வளவு தெரிந்தவர் ஹெட் கோச் ஆகாதது ஏன்

வைத்துக்கொள்ளத் தூண்டும் அதே காரணம்தான் மேலே போகவிடாமலும் தடுக்கிறது. இவர் அறை தனி. போட்டி நடக்கும்போது அடுத்த முயற்சிக்கு எந்த ஆட்டம் என்று சொல்பவர் பெரும்பாலும், ஆட்டத் திட்டம் வகுக்கும் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர். லைன் கோச் பக்கவாட்டில் ஐந்து பேரை உட்கார வைத்து, கையடக்கக் கணினியில் படத்தைக் காட்டி, எதிரணி எப்படி மாறிப் பாய்ந்தது என்று விளக்கிக்கொண்டிருப்பார். அணி உரிமையாளர் ஹெட் கோச்சைத் தேடும்போது குவார்ட்டர்பேக்கை வளர்த்தவரையே முதலில் நினைப்பார்.

போனவர்களின் கணக்கும் உற்சாகம் தருவதில்லை. ஜோ பூகல் 1980களில் வாஷிங்டனில் ‘ஹாக்ஸ்’ என்று பெயர்பெற்ற லைனை உருவாக்கியவர். டிராஃப்டில் யாரும் எடுக்காத ஜோ ஜேக்கபி, பின்னாளில் லீக்கின் புகழரங்கில் சேர்ந்த ரஸ் கிரிம் எல்லாம் அவர் பிள்ளைகள். 1983 ஜனவரி சூப்பர் பவுலில் ஜான் ரிகின்ஸ் 166 யார்டு ஓடியது அவர்கள் திறந்த வழியில். அதே பூகல் ஹெட் கோச்சாக ஃபீனிக்ஸ் கார்டினல்ஸில் நான்கு ஆண்டில் 20 வெற்றி, 44 தோல்வி. 1997இல் ரெய்டர்ஸில் 4 வெற்றி, 12 தோல்வி. பிறகு லைன் கோச் வேலைக்கே திரும்பினார். புகழரங்கில் வீரராக இருக்கும் மைக் மன்சாக் டென்னஸியில் ஹெட் கோச்சாக 22 வெற்றி, 26 தோல்வி. பில் கேலஹன் 2002இல் ரெய்டர்ஸை முதல் ஆண்டிலேயே சூப்பர் பவுலுக்குக் கூட்டிப் போனார். மறு ஆண்டு 4-12, வேலை போச்சு.

பிரபல ஹெட் கோச் ஆண்டி ரீடு விதிவிலக்கு என்று சிலர் சொல்வார்கள். அவர் கல்லூரியில் லைன்மேன், கல்லூரி அணிகளுக்கு லைன் கோச், கிரீன் பே பேக்கர்ஸிலும் உதவி லைன் கோச். உண்மைதான். ஆனால் 1999இல் ஈகிள்ஸ் அவரை ஹெட் கோச்சாக எடுத்தபோது, அதற்கு முந்தைய இரண்டு சீசனாக அவர் பேக்கர்ஸின் குவார்ட்டர்பேக் கோச். மாடி ஏறுவதற்கு முன் அறையை மாற்றிக்கொண்டார்.

## ‘ரன் கேம் கோஆர்டினேட்டர்’ என்ற பட்டம்

கடைசியாக, செய்திகளில் குழப்பும் ஒரு விஷயம். நல்ல லைன் கோச்சுகளின் பெயரோடு ‘ரன் கேம் கோஆர்டினேட்டர்’, ‘உதவி ஹெட் கோச்’ என்று பட்டங்கள் ஒட்டியிருக்கும். ஸ்டவுட்லாந்துக்கும் 2018இல் முதல் பட்டம் வந்தது. இதில் ஓட்ட ஆட்டத்தை வடிவமைக்கும் உண்மையான பொறுப்பும் உண்டு, சம்பளத்தை உயர்த்த ஒரு காரணமும் உண்டு.

ஒப்பந்தத்தில் இருக்கும் உதவிப் பயிற்சியாளரை, அதே நிலையிலான வேலைக்கு வேறு அணி கூப்பிட்டால், இப்போதைய அணி தடுக்கலாம். ஹெட் கோச் வேலைக்குக் கூப்பிட்டால் தடுக்க முடியாது. 2020 விதிமாற்றத்துக்குப் பிறகு உண்மையான கோஆர்டினேட்டர் வேலைக்கும் தடுக்க முடியாது. லைன் கோச்சை அந்த இரண்டுக்கும் கூப்பிடுபவர்கள் குறைவு. ஆகவே ஒப்பந்தம் இருக்கும்வரை அவர் கிட்டத்தட்ட அணியின் சொத்து.

2024 தொடக்கத்தில் நடந்தது இதற்குள் வரும். பில் கேலஹன் நான்கு சீசனாக கிளீவ்லாந்து பிரவுன்ஸின் லைனை லீக்கின் மதிப்புமிக்க லைன்களில் ஒன்றாக வைத்திருந்தார். அவர் மகன் பிரையன் கேலஹன் டென்னஸி டைட்டன்ஸின் ஹெட் கோச்சானார். அப்பாவை லைன் கோச்சாகக் கேட்டார். பிரவுன்ஸ் மறுத்திருக்கலாம், விதி அவர்கள் பக்கம். மகனோடு வேலை செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். கேலஹனுக்குப் பதிலாக வந்த லைன் கோச்சை பிரவுன்ஸ் ஒரே சீசனில், 2025 ஜனவரியில், வீட்டுக்கு அனுப்பியது. அந்த முறை ஹெட் கோச் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி தப்பித்துவிட்டார்.